கதவோரப் பாயிலிருந்து ஒரு மடல்

முதியோர் பராமரிப்பு மானியத் திட்டங்களை வகுக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், முதுமை மறதி நோயுள்ள 78 வயது அம்மாவோடு வாழும் மகள் எழுதுகிறேன். வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு நாங்கள் அளித்த விண்ணப்பம் சென்ற மாதம் மறுக்கப்பட்டது. அன்றாடச் செயல்களில் அம்மாவுக்கு ‘ஆறில் ஒன்றில் மட்டுமே’ உதவி தேவைப்படுகிறதாம்.

அந்த ஆறு எவை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். மானியம் கிடைக்க, இவற்றில் மூன்றுக்காவது பிறர் உதவி வேண்டியிருக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் திட்டமும் இதே ஆறைத்தான் இன்னும் கடுமையாகக் கேட்கிறது.

மதிப்பீட்டுக்கு ஓர் இளம்பெண் காலை பத்து மணிக்கு வந்தார். பண்பான பிள்ளை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. விருந்தாளி என்றதும் அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். “வா பிள்ளை, காப்பி குடிக்கிறாயா?” என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நானே மொழிபெயர்த்தேன். நீங்களே குளிக்கிறீர்களா? “வேறு யார் குளிப்பாட்டுவார்கள்?” நீங்களே சாப்பிடுகிறீர்களா? “ஏன், கையில்லையா எனக்கு?” நடக்க முடிகிறதா என்று கேட்டபோது எழுந்து சமையலறைவரை நடந்தே காட்டினார்.

முந்தைய நாள் சோப்பை எடுத்து வாயில் வைத்தவர் அவர். வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டவர். நான் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்குகிறார். அம்மாவின் முகத்துக்கு நேரே, அவர் பெருமையோடு சொன்ன பதில்களை எப்படி மறுப்பேன்? தயங்கித் தயங்கிச் சிலவற்றைச் சொன்னேன். அவற்றைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை என்றார் அந்தப் பெண்.

அம்மாவால் நடக்க முடிகிறது என்று எழுதிச் சென்றார்கள். அந்த நடைதான் எங்கள் வீட்டின் பெரிய ஆபத்து.

அம்மாவின் அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பிவிட்டன. ஆனால் அம்மாவின் இரவுகளில் அந்தத் தளம் இன்னும் இயங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, “அப்பா வேலை முடிந்து வந்துவிடுவார், சோறு வடிக்க வேண்டும்” என்று வாசலுக்குப் போகிறார். அதனால் வாசல் கதவை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கிறேன். பதினான்கு மாதங்களாக என் படுக்கை அதுதான். என்னைத் தாண்டாமல் அவர் வெளியே போக முடியாது என்பதே என் நிம்மதி.

மறுப்புக் கடிதம் வந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அறையில் படுத்தவள் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. அதிகாலை மூன்றரைக்குக் கேன்பரா சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அம்மா கிடைத்தார். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் முன்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. பங்குனி உத்திரத்துக்குப் போகிறேன் என்று, சின்ன வயதில் கற்ற மலாயில் ஒரு டாக்சி ஓட்டுநரிடம் வழி கேட்டிருக்கிறார். அந்த மலாய் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, நான் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவின் காலில் செருப்பில்லை.

ஐயா, அம்மையீர், கண்காணிப்பும் பராமரிப்புதான். அதையும் கணக்கில் சேருங்கள் என்பதே என் கோரிக்கை.

மானியத்தை நீங்கள் உயர்த்தியிருப்பதை மறந்து பேசவில்லை. 2019இல் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023இல் 400 வெள்ளி வரை ஆனது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று அறிவித்தீர்கள். நல்ல காரியம், நன்றி. ஆனால் தொகையை உயர்த்தினீர்களே தவிர, வாசற்படியை இறக்கவில்லை. மனநலக் கழகத்தின் 2023 ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் நடக்கவும் உண்ணவும் முடிந்தவர்களின் வீட்டிலெல்லாம் யாரோ ஒருவர் தூங்காமல் இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு. பெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தனியார் ஊழியருக்கு அப்படி ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை. நான் முழுநேர வேலையை அரைநேரமாக்கிக்கொண்டேன். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தும் பார்த்தேன். பாட்டும் விளையாட்டும் மாண்டரினில் நடக்க, அம்மா மூலையில் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நோய் முற்ற முற்றத் தாய்மொழி மட்டுமே மிஞ்சும் முதியவர்களுக்கு, அவர்கள் மொழி பேசும் ஓர் ஆளைக் கொடுப்பது பெரிய சலுகையா? குடும்பமே முதல் துணை என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். அந்தத் துணைக்குத் துணை யார்?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். பாதுகாப்புக்காக ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலையையும் மதிப்பீட்டில் சேருங்கள். பராமரிப்பவரை நோயாளியின் எதிரில் வைத்துக் கேட்காமல், தனியாக அழைத்துக் கேளுங்கள். நோயாளியின் மொழி தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

மேல்முறையீட்டு விண்ணப்பத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். மறுமதிப்பீட்டுக்கு வருவதானால், தயவுசெய்து இரவு இரண்டு மணிக்கு வாருங்கள். கதவைத் தட்ட வேண்டியதில்லை, மெதுவாகக் கூப்பிட்டாலே எனக்குக் கேட்கும். பாயைச் சுருட்டிவிட்டு வழிவிடுகிறேன்.

பணிவுடன்,
ஈசூனிலிருந்து ஒரு மகள்