கைவேலைப் பக்கத்தில் தாளும் பசையும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் கைவேலைப் பக்கத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். விடுமுறை நாள்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காகித வேலையும் சிறு தையலும் சொல்லிக்கொடுப்பதால், அந்தப் பக்கத்தில் வரும் பொருள்களில் பலவற்றை நாங்கள் செய்தும் பார்க்கிறோம். பார்வைக்கு அழகாகவே அமைகின்றன. ஆனால், நினைவு ஆல்பமானாலும் பரிசுப் பொருளானாலும், அதை எந்தத் தாளில், எந்தப் பசையைக் கொண்டு செய்வது, செய்தது எத்தனை காலம் தாங்கும் என்பவை குறித்து ஒரு வரிகூட இடம்பெறுவதில்லை. மினுமினுப்புத் தூள், ஒட்டு முத்து, பிளாஸ்டிக் பூ என்று தொடங்கும் குறிப்பு, இவையெல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. நவராத்திரிச் சிறப்பு இணைப்பு வரவிருக்கும் இவ்வேளையில், இது பற்றிச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் ஆல்பம். நம் பாட்டி காலத்து ஆல்பத்தில் கெட்டியான கறுப்புத் தாள்களும், படத்தின் நான்கு மூலைகளையும் செருகிவைக்கும் சிறு காகித முக்கோணங்களும், பக்கத்துக்குப் பக்கம் சிலந்திவலைக் கோலம் பொறித்த மெல்லிய தாளும் இருக்கும். படத்தின் மீது பசை படுவதே இல்லை என்பதால், இன்றைக்கும் அதை மூலைகளிலிருந்து உருவி எடுத்து, பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, மறுபடி செருகிவிடலாம். அதற்குப் பின், 1980களிலும் 90களிலும் வீட்டுக்கு வீடு வாங்கியவை, பிசுபிசுப்பான அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பசை வரிவரியாகப் பழுப்பேறியிருக்கும், பிளாஸ்டிக் தாள் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் கிளப்பினால் படத்தின் மூலை கிழிந்து கையோடு வரும். இத்தகைய ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க நினைப்பவர்கள், ஏதேனும் ஆனாலும் ஒரு நகல் மிஞ்சும்படி, முதலில் பக்கம் முழுவதையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலைப் படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தினால் பெரும்பாலான படங்கள் சேதமில்லாமல் விடுபடும். பொறுமை வேண்டும், ஒரே மாலையில் ஓர் ஆல்பத்தை முடித்துவிட நினைக்கக் கூடாது. பிளாஸ்டிக் தாள் படத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

புதிதாக ஆல்பம் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தாளை. செய்தித்தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுவதால், வெளிச்சமும் காற்றும் பட்ட சில மாதங்களிலேயே அது பழுப்பேறத் தொடங்கும். தன்னிடமுள்ள அமிலத்தைத் தன்மேல் படிந்திருக்கும் படத்துக்கும் கொடுக்கும். (தங்கள் நாளிதழையும் சேர்த்தே சொல்கிறேன், மன்னிக்கவும்.) ஆகவே, மகளின் பெயர் வந்த தேர்வு முடிவுச் செய்தியையோ தாத்தாவின் மறைவு அறிவிப்பையோ ஆல்பத்தில் வைக்க விரும்பினால், நல்ல வெள்ளைத்தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிட்டு, மூலத் துணுக்கைத் தனி உறையில் போட்டுவைப்பதே முறை. பேருந்துச் சீட்டும் கடை ரசீதும் இன்று சூட்டில் எழுத்து தோன்றும் தாளில் அச்சாகின்றன. அவற்றின் எழுத்து தானே மங்கி மறைந்துவிடும் என்பதால் அவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அடர்நிறச் சார்ட் தாள்களில் சில ஈரப்பசை பட்டாலே சாயம் விடும். நீண்ட காலம் வைத்திருக்க நினைக்கும் ஆல்பத்துக்குப் பருத்தித் துணிக்கழிவிலிருந்து கையால் செய்யும் தாளே சிறந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தார் நடத்தும் கைத்தாள் கூடம் இதற்குப் பெயர்பெற்றது. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அலங்காரப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இந்தத் தாளையே வாங்கிவிடலாம்.

பசையில் எல்லாருக்கும் கைவந்தது மைதாப் பசை. அட்டைக்கும் துணிக்கும் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் மாவு இருக்கும் இடத்தை இராமபாணப் பூச்சி தேடி வரும். புத்தகம் கட்டுபவர்கள் இதற்காகவே பசை காய்ச்சும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது. வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருங்கி அலையலையாகிவிடும். அதைத் தடவியவுடன் பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுதும் வைத்திருக்க வேண்டும். குளூ கன் இன்று பலரின் கையில் இருக்கிறது. வளையலுக்கும் தோரணத்துக்கும் அது சரி, ஆல்பத்தில் தடித்த முண்டாக நின்று எதிர்ப்பக்கத்துப் படத்தில் தழும்பை உண்டாக்கிவிடும். படத்தைப் பொறுத்தவரை எந்தப் பசையும் வேண்டாம். காகித மூலைகளைக் கடையில் தேட வேண்டியதுமில்லை: ஓர் அங்குல அகலமும் இரண்டு அங்குல நீளமும் உள்ள துண்டின் இரு முனைகளையும் நடுவை நோக்கிச் சாய்த்து மடித்தால் முக்கோணம் கிடைத்துவிடும். பசையை அதன் முதுகில் மட்டும் தடவினால் போதும்.

தாளையும் பசையையும்விட முக்கியமானது படத்தின் அடியில் எழுதும் குறிப்பு என்பது என் உறுதியான கருத்து. இன்றைய திருமணங்களில் கரிஷ்மா ஆல்பம் என்று வழவழப்பான கெட்டிப் புத்தகமாக அச்சிட்டுத் தருகிறார்கள். மணமக்களின் பின்னணியில் இல்லாத அருவிகூடக் கொட்டுகிறது, ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. வீட்டில் செய்யும் ஆல்பங்களில் பெயர் இருந்தாலும், ‘பெரியம்மா’, ‘மாமா வீட்டில்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தலைமுறைக்கு ஒரு பெரியம்மா இருக்கும் குடும்பத்தில் முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெரியம்மா யார் என்று எவரால் சொல்ல முடியும்? முழுப் பெயர், ஊர், ஆண்டு, யாருக்கு என்ன உறவு, எந்த விசேஷம் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். இன்றைய படத்தாளின் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு உள்ளது என்பதால் அதில் பென்சில் சரியாக எழுதாது. பந்துமுனைப் பேனாவை அழுத்தினால் முன்புறம் புடைத்துத் தெரியும். எனவே, படத்துக்குக் கீழே ஆல்பத் தாளிலேயே எழுதுவது நல்லது.

இவ்வாறு சேரும் துணுக்குகள் குப்பையல்ல என்பதற்குக் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்களே சான்று. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், புத்தகங்களோடும் இதழ்களோடும் திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள், செய்தித் துணுக்குகள் ஆகியவற்றையும் வாழ்நாள் முழுதும் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஆய்வாளர்கள் இன்று நாடி வருகிறார்கள். நம் வீட்டில் அந்த அளவுக்குச் சேர்க்க இயலாது. இருந்தாலும், நண்பர்கள் அச்சடித்துச் சட்டமிட்டுக் கொடுத்த திருமண வாழ்த்து மடலையும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்றையும் ஆல்பத்தின் முதல் பக்கங்களில் வைத்துவிடலாமே. மிஞ்சும் அழைப்பிதழ்களைப் பிள்ளையார் படம் இருக்கிறதென்று தூக்கிப் போடத் தயங்கி ஆண்டுக்கணக்காகப் பரணில் அடுக்கிவைக்கிறோம். அவற்றின் அட்டை நல்ல கனமானது. படத்தைச் சுற்றி நீளவாக்கில் வெட்டி, மேலே ஒரு துளையிட்டு நூல் கோத்தால் புத்தகக்குறியாகிவிடும்.

பரிசுப் பொருளாகச் செய்ய, நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது விசிறி மடிப்பு ஆல்பம். 22க்கு 28 அங்குலச் சார்ட் தாளில் நீளவாக்கில் 5 அங்குலப் பட்டைகள் நான்கு கிடைக்கும். ஒரு பட்டையைப் பாதியாக, மறுபடி பாதியாக, மூன்றாம் முறையும் பாதியாக மடித்துப் பிரித்தால், அளவுகோல் இல்லாமலேயே மூன்றரை அங்குல அகலத்தில் எட்டுப் பக்கங்கள் விழும். அந்த மடிப்புகளையே முன்னும் பின்னுமாக மாற்றி மடித்தால் விசிறி தயார். எட்டு என்ற இரட்டைப்படையில் ஒரு வசதி உண்டு: இரு முனைகளிலும் மேலுறையாக ஒட்டும் அட்டைகள் பட்டையின் ஒரே புறத்தில் அமைவதால் மறுபுறம் முழுதும் படங்களுக்குக் கிடைக்கும். ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் இரண்டு படங்களை அச்சிட்டு நடுவில் வெட்டினால் ஒவ்வொரு படமும் 3க்கு 4 ஆகும். அதைக் காகித மூலைகளில் செருகியபின் அடியில் குறிப்பு எழுத இடமும் மிஞ்சும். முனை அட்டைக்குப் பழைய நோட்டின் பின்னட்டை போதும். அதற்குப் பட்டுச் சேலையின் நைந்த முந்தானையை உறையாகப் போடலாம். ஒருபுறம் மட்டும் பசை தடவினால் அட்டை வளைந்துவிடும் என்பதால், உட்புறமும் ஒரு தாளை ஒட்டிக் கனத்தின் கீழ் காயவிட வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு இதைப் பரிசாகப் பெற்றவர்கள், வந்தவர்களிடம் கடிகாரத்தையும் வெள்ளிக் குங்குமச்சிமிழையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

அடுத்து, கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலம். பிளாஸ்டிக் டப்பாவும் ரவிக்கைத் துணியும் கொடுக்கிறோம்; அந்த ரவிக்கைத் துணி தெருவைச் சுற்றிவிட்டு அடுத்த ஆண்டு நம் வீட்டுக்கே திரும்பி வருவதும் எல்லாரும் அறிந்ததே. 80 சென்டிமீட்டர் நீள அகலம் உள்ள ஒரு துணியில் 20க்கு 40 சென்டிமீட்டர் துண்டுகள் எட்டு வெட்டலாம். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து இரு ஓரங்களையும் தைத்து, வாயில் நாடா கோத்தால் எட்டுச் சுருக்குப் பைகள் ஆகிவிடும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்துக்கு அது தாராளம், தேங்காய்க்குத்தான் போதாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியதை வீட்டளவில் செய்ய இது எளிய வழி.

இவற்றையெல்லாம் கைவேலைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தாளின் கனம் எத்தனை கிராம், எந்த வகைப் பசை, காய எவ்வளவு நேரம் ஆகும், ஈரத்தையும் வெயிலையும் தாங்குமா என்ற நான்கு விவரங்களைத் தர வேண்டுகிறேன். வெட்டுமாதிரிப் படங்களைச் சுருக்கி அச்சிடாமல், நேரடியாக மேலே தாள் வைத்து வரைந்துகொள்ளும்படி உண்மை அளவிலேயே வெளியிட்டால் மிகவும் உதவியாக இருக்கும். இடம் போதவில்லையென்றால், பக்கத்தின் மேற்பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் மினுமினுப்புப் பெட்டியின் புகைப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.