அந்த அறைச் சாவியைக் கொடுத்துவிடுங்கள், சாமி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மதிப்பிற்குரிய பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த, ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து உதவும் எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையின் அறை எப்படிப் பந்தல் சாமான் அறையானது, பூட்டு எப்போது மாறியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மூன்று முறை நேரில் வந்து கேட்டோம். "திருவிழா முடியட்டும்" என்றீர்கள். திருவிழா முடிந்து கொடியும் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் இன்னும் இறங்கவில்லை.

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. முதல் தடவை வருபவரை உள்ளே உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது கதவுக்கு எங்கே போவது? குகை போலக் கட்டிய கெபிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்று கேட்டோம். அவர் வாயெடுக்கவும் அவருடைய சம்பந்தி வீட்டார் அந்தப் பக்கமாக வரவும் சரியாக இருந்தது. "ஒன்னுமில்ல தம்பி, சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கெபியில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர் போலத் திரும்பி நின்றுகொண்டார். கையில் மெழுகுவர்த்தி இல்லை.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். வரக்காப்பி கொடுத்தார். "உங்களுக்கெல்லாம் சுகர் இருக்குமே, அதான் சர்க்கரை போடல" என்றார். எங்கள் இருவருக்கும் சுகர் கிடையாது.

இதற்காகத்தான் அந்த அறையைக் கேட்கிறோம்.

சபையின் கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேரவையில் ஒருவர் "நாலு கிழவர்கள் கூடிப் பேச தனி ரூம் எதற்கு?" என்று கேட்டாராம், அதனால் சொல்கிறேன். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் இதைத் தொடங்கியவர்கள் கிழவர்கள் இல்லை, மாணவர்கள். ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. கூட்டம் நடந்தது பத்திரிகை நடத்திய பாயி என்பவரின் அலுவலகத்தில். ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தவர் ரோசலி ராந்து என்ற கன்னியர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். சபையைப் பிரிப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. 1835-இல் பிரித்தார்கள். அப்படிப் பங்கு பங்காகப் பிரிந்து வளர்ந்ததால்தான் எங்கள் அப்பா காலத்தில் ஆறு பேரோடு நம் ஊருக்கும் வந்தது.

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்து மெக்கிவ்னி சாமியாரையும் நினைத்துப் பாருங்கள். சம்பாதிக்கிறவர் செத்தால் குடும்பமே சிதறிப் போன காலம் அது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கைகொடுக்கப் பங்கு ஆண்களைத் தம் கோயில் நிலவறையில் கூட்டி உட்கார வைத்தார். 1882-இல் பதிவான அந்த 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' சபையில் இன்று ஏறத்தாழ இருபது லட்சம் பேர். அவர் நிலவறையைத் திறந்துவிட்டார். நாங்கள் கேட்பது மணிக்கூண்டுக்குக் கீழே பத்துக்குப் பத்து.

திருவிழா வளைவுக்குக் காசு இருக்கிறது. கெபியைச் சுற்றிக் கலர் விளக்குக்கும், கொடியேற்றத்துக்கு டிரோன் கேமராவுக்கும், உங்கள் படம் புனிதரின் படத்தைவிட ஒரு சாண் பெரிதாக இருந்த ஃபிளெக்ஸுக்கும் காசு இருக்கிறது. (புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்குப் பழக்கம்தான்.) ஏழை வீட்டுக் கஷ்டத்தைக் காதோடு கேட்க மட்டும் இடம் இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னால் "குழப்பம் பண்ணாதீங்க" என்கிறார்கள்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள், சாமி. எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் நீங்கள். அந்த மரியாதை குறையவில்லை. சபையின் பணத்தையும் பங்குக் கணக்கோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு அறை வேண்டும், கதவோடு வேண்டும்.

வரும் புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் கூட்டம். அதற்குள் சாவியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்து வைத்தால் போதும். நாற்காலிகளை நாங்களே தூக்கி மேடைக்குப் பின்னால் அடுக்கிவிடுகிறோம். அந்த அம்மாவையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறோம்.

பணிவுடன்,
பவுல் சபை உறுப்பினர் ஒருவர்