சப்டைட்டில் போட்டால் ஏன் படம் திக்குகிறது?

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அவர் உட்கார்ந்து படம் பார்ப்பதற்குள், டிவிக்குப் படங்களை அனுப்ப நீ வீட்டில் வைத்திருக்கும் சர்வரைச் சரிசெய்துவிடலாம்.

புது கம்ப்யூட்டர் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய்; வேண்டவே வேண்டாம். இன்டெல் என்100 சிப் உள்ள உன் மினி பிசி ஒரு வீட்டுக்குத் தாராளம். 4கே படத்தில் சப்டைட்டில் போட்டால் மட்டும் திக்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். கோளாறு அங்கேதான். ப்ளூரேயிலிருந்து எடுத்த ஃபைலில் வரும் பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்து அல்ல, வசனத்தை வரைந்து வைத்த பிம்பம். பல டிவி ஆப்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. அதனால் சர்வர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வசனத்தைப் பதித்து, மொத்த வீடியோவையும் மறுபடி என்கோட் செய்கிறது, அதாவது ஓடும்போதே புதிதாக உருவாக்குகிறது. அந்தச் சிப்பில் வீடியோ வேலைக்கென்றே க்விக்சிங்க் என்ற பகுதி இருக்கிறது, 4கே படங்களில் வரும் 10 பிட் எச்இவிசி வீடியோ வடிவத்தை அநாயாசமாகக் கையாளும். ஆனால் சர்வர் மென்பொருள்களில் ப்ளெக்ஸில் அதைப் பயன்படுத்த ப்ளெக்ஸ் பாஸ் வேண்டும், எம்பியில் பிரீமியர் சந்தா வேண்டும். நீ இலவசமாக ஓட்டுவதால் பாரம் முழுக்க நாலு சிபியு கோர் தலையில் விழுகிறது.

அதனால் ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வர் மென்பொருளுக்கு மாறு என்பேன். 2018 டிசம்பரில், எம்பி தன் சோர்ஸ் கோடை மூடியபோது அதிலிருந்து பிரிந்து வந்தது. க்விக்சிங்க் போன்ற ஹார்டுவேரில் நடக்கும் என்கோடிங் உட்பட எதற்கும் காசு இல்லை. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கும் ப்ளெக்ஸ் 2025 ஏப்ரல் முதல் கட்டணம் கேட்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்: கணக்கு தொடங்கி உள்ளே நுழைவது, வெளியூரிலிருந்து இணைவது இரண்டிலும் ப்ளெக்ஸ்தான் சுலபம். ஜெல்லிஃபினில் வெளி இணைப்புக்கு டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்-ஐ (உன் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையை) நீயே போட வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்காதே.

டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) போடுவதென்றால் அதன் அமைப்பு ஃபைலில் இரண்டு வரி முக்கியம். ரெண்டர்-டி128 என்ற ஜிபியு டிவைஸைக் கன்டெய்னருக்குள் கொடு. அதோடு உன் லினக்ஸில் ரெண்டர் குழுவுக்கு என்ன எண் என்று பார்த்து அதையும் குரூப்-ஆடில் சேர். இரண்டாவதை மறந்தால் டிவைஸ் கண்ணுக்குத் தெரியும், திறக்க அனுமதி இருக்காது; படம் தொடங்காமலே எரர் வரும். பிறகு டாஷ்போர்டில் பிளேபேக் பகுதிக்குப் போய் க்யூஎஸ்வி (க்விக்சிங்க்தான்) தேர்ந்தெடு, எச்இவிசி 10 பிட்டையும் டிக் செய். எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதலாக உள்ள) படம் வெளிறித் தெரிந்தால், நிறத்தைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றும் டோன் மேப்பிங்கையும் போடு. ஜிபியு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை இன்டெல்-ஜிபியு-டாப் என்ற லினக்ஸ் கட்டளை காட்டும். படம் ஓடும்போது அதில் வீடியோ வரி அசையாமல் கிடந்தால் இன்னும் சிபியுதான் உழைக்கிறது.

இதைவிட நல்ல வழி, என்கோடிங்கே நடக்காமல் பார்த்துக்கொள்வது. படத்தின் பெயரையே வைத்து, கடைசியில் டாட் டிஏ டாட் எஸ்ஆர்டி என்று ஒரு சப்டைட்டில் ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டுவிடு. எஸ்ஆர்டி வெறும் எழுத்து, டிவி தானே காட்டிக்கொள்ளும். தமிழ் சப்டைட்டிலில் மூன்று தொல்லை வரும், மூன்றும் வேறு வேறு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்ட் இல்லை. சர்வர் பதிக்கும் வசனமாக இருந்தால் கன்டெய்னருக்குள் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் வேண்டும். தலைக்குறி போட்ட லத்தீன் எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாகத் தெரிந்தால் எழுத்துகளின் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் குறியீட்டு முறை; வீடியோ என்கோடிங் அல்ல) தவறு. ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமி. சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் வந்தால் யாரோ பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்திருக்கிறார்கள், யூனிகோடுக்கு மாற்றினால்தான் தீரும்.

டிடிஎஸ் என்ற வடிவில் வரும் ஆடியோவைப் பற்றிக் கவலைப்படாதே. ஆடியோவை மட்டும் மாற்றுவது சர்வருக்குச் சின்ன வேலை. ஆனால் டிவியில் லேன் கேபிள் செருகியிருக்கிறாய் அல்லவா, பல டிவிகளில் அந்த போர்ட் 100 மெகாபிட்தான். கனமான 4கே ஃபைல் சில காட்சிகளில் அதைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒருமுறை ஓட்டிப் பார்.

படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை யுயுஐடி (அதற்கே உரிய மாறாத அடையாள எண்) வைத்து மவுன்ட் செய். டிஸ்க் மவுன்ட் ஆகாத நேரத்தில் லைப்ரரி ஸ்கேன் ஓடினால் பட்டியலிலிருந்து படங்கள் காணாமல் போகலாம்.

மாற்றிய பிறகும் திக்கினால், படம் ஓடும்போதே பிளேபேக் இன்ஃபோவைத் திற. டிரான்ஸ்கோடிங் (அந்த மறு என்கோடிங்தான்) நடந்தால் அதன் காரணத்தையும் அங்கேயே காட்டும். அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்பு. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே