அளவெடுத்த ஒரு மாதத்தில் ஸ்பிளிண்ட் கைக்கு வர வேண்டும்

எங்கள் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சிகிச்சையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகளுக்கு, பாதத்தையும் கணுக்காலையும் நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட் வந்துவிட்டதாக போன் வந்தது. மாவுக்கட்டு சுற்றி அளவெடுத்தது ஜனவரியில். இப்போது ஜூலை. வேலைக்கு லீவு போட்டு, 6 வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து மாட்டிப் பார்த்தால் குதிகால் உள்ளே இறங்கவே இல்லை. இழுத்துப் பிடித்து வெல்க்ரோவை ஒட்டினார்கள், பத்து நிமிடத்தில் கணுக்கால் எலும்புக்கு மேல் தோல் கன்றிச் சிவந்துவிட்டது. "போகப் போகப் பழகிடும்" என்றார்கள்.

அவளுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). அது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு வளர்கிற வேகத்துக்கு விறைத்த கெண்டைக்கால் தசை வளராது, அதனால் குதிகால் மேலே ஏறிவிடுகிறது. ஜனவரியில் அந்தத் தசையில், விறைப்பைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டார்கள். அதன் பலன் சில மாதம்தான், அதற்குள் பிசியோவும் ஸ்பிளிண்டும் சேர வேண்டும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். மூன்றாவது வாரம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதம் முழுக்கத் தரையில் பட நின்றாள். ஏப்ரல் கடைசியில் குதிகால் மறுபடி ஏறிவிட்டது. ஊசியின் பலன் வீணாகப் போனது, ஸ்பிளிண்ட் வரவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். முகாமுக்கு முகாம் பிள்ளைகளைப் போட்டோ எடுக்கிறீர்களே, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுக்க ஒருமுறையாவது சொன்னீர்களா? இடுப்பு மூட்டு மெல்ல விலகும்போது பெரும்பாலும் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். எங்களோடு பிசியோவுக்கு வரும் பையனுக்கு முழுக்க விலகிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். டயப்பர் மாற்றக் காலை விரித்தாலே அலறுகிறான். அவன் அம்மா இதை யாரிடம் போய்ச் சொல்வார்?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆனால் இது சலுகை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே, வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு உபகரணங்களும் திருத்த அறுவை சிகிச்சையும் இலவசமாகத் தருவது பற்றி எழுதியிருக்கிறது. பிள்ளையின் கால் டெண்டருக்காகக் காத்திருந்து வளராது. அளவெடுத்த ஒரு மாதத்தில் ஸ்பிளிண்ட் கைக்கு வர வேண்டும், நாங்கள் கேட்பது அதுதான்.

வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதம் 9ஆம் தேதி புதிதாக அளவெடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த மாதம் 9ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அம்மா