டெக்னீசியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுக்கழிவு பற்றிய உங்கள் கட்டுரையில் சீசியமும் ஸ்ட்ரான்சியமும்தான் முன்னால் நின்றன. அவற்றின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 30 ஆண்டுதான். அதே கழிவில் இருக்கும் கதிரியக்க உலோகமான டெக்னீசியம்-99க்கோ ஏறத்தாழ 2,11,000 ஆண்டு! அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காற்றுப்பட்ட நீரில் இது பெர்டெக்னிடேட் என்ற எதிர்மின் அயனியாகக் கரைந்திருக்கும். களிமண் துகள்களும் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் அவற்றில் ஒட்டாது. நிலத்தடி நீர் போகும் வழியில் தானும் போய்விடும். ஃபெரஸ் இரும்பு போன்ற ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுக்கும் பொருள்) கிடைத்தால் எளிதில் கரையாத டையாக்சைடாகப் படியும். நிம்மதி என்று நினைக்கும்போதே ஆக்சிஜன் உள்ளே புகுந்தால் பழையபடி கரையத் தொடங்கும்.

அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்த அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இத்தகைய கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் சேர்க்கப்பட்டது. சில தொட்டிகளில் டெக்னீசியம் பெர்டெக்னிடேட்டாகவே இல்லை. கார்பன் மோனாக்சைடோடு பிணைந்த வேறு சேர்மமாக ஒளிந்திருக்கிறது. கழிவிலிருந்து பெர்டெக்னிடேட்டைப் பிடித்தெடுக்கவென்று செய்த பிசினில் அது சிக்காது.

கண்ணாடியோடு உருக்கிப் பூட்டிவிடலாமே என்பீர்கள். உருக்கு உலையின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; டெக்னீசியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் ஹெப்டாக்சைடோ சுமார் 311 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு பகுதி புகையோடு கிளம்பிவிட, அதைப் பிடித்து மறுபடி உலைக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டுரையில் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்