வழுக்குவதும் தேயாமல் இருப்பதும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமலே நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். நீ கேட்ட கேள்வி நியாயமானது: மெஷினில் சுழலும் தண்டைத் தாங்கப் போட்ட நைலான் வளையம், அதாவது புஷ், சில மாதத்திலேயே தண்டை இறுகப் பிடித்துக்கொண்டது, அப்படியிருக்க இடுப்பில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் எத்தனை நாள் தாங்கும்?

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, 1950களின் இறுதியில் டெஃப்ளானில்தான் அதைச் செய்தார். அவ்வளவு வழுக்கும் பிளாஸ்டிக் வேறு ஏது? ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணங்கள் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. ஏறக்குறைய 300 பேருக்கு வைத்த பிறகு தெரிந்த விஷயம் இது. அந்தத் துகளை உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார் மனிதர். பிறகு, நெசவுத் தறிகளின் பல்சக்கரத்துக்குப் பயன்பட்டுவந்த ஒருவகைப் பாலிஎத்திலீன் அவரிடம் வந்து சேர்ந்தது. மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. வழுக்குவதில் டெஃப்ளானுக்குக் கீழேதான், ஆனால் தேயாமல் தாங்குவதில் டெஃப்ளான் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. 1962 முதல் அதைத்தான் வைத்தார். பிற்பாடு கதிர்வீச்சால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, தேய்மானத்தை இன்னும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே.

உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்க்கிற தவறான தேர்வுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. டெஃப்ளானின் மூலக்கூறுகள் வழவழப்பான நீள் குச்சிகள், ஒன்றை ஒன்று பலமாகப் பிடிப்பதில்லை. எஃகின்மேல் உரசும்போது சீட்டுக்கட்டு சரிவதுபோல் மெல்லிய ஏடுகளாக வழுக்கி எஃகில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உரசுவது டெஃப்ளானோடு டெஃப்ளான். வழுக்கலுக்குக் காரணமான அதே தளர்ச்சிதான் செதில் செதிலாக உதிரவும் வைக்கிறது. கண்ணாடி இழை, கரித்தூள், வெண்கலத்தூள் இப்படி ஏதாவது கலந்தால் அந்த உதிர்தல் நின்று, தேய்மானம் நூறு மடங்குகூடக் குறைகிறது. ஆய்வகத்தில் அப்படி ஓட்டிய தண்டைக் கழற்றினால், உரசிய இடத்தில் மட்டும் மங்கலான ஒரு பட்டை தெரியும். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. இயந்திரத்தைக் காப்பது அந்தப் படலம்தான். அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள்.

சரி, உன் புஷ்ஷுக்கு வருவோம். அது தேய்ந்து போகவில்லை, வீங்கிப் பிடித்திருக்கிறது என்பது என் ஊகம். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, வெண்கல புஷ்ஷுக்கு விட்ட அதே இடைவெளியைத்தானே நைலானுக்கும் விட்டாய்? நைலான் சூட்டில் வெண்கலத்தைவிட நாலைந்து மடங்கு விரியும். ஈரத்தையும் உறிஞ்சும், தண்ணீரிலேயே கிடந்தால் நைலான் 6 தன் எடையில் 9 சதவீதம் வரை குடித்துவிடும். வெளிப்பக்கம் இரும்புக் கூடு நெருக்குவதால் துளைதான் சுருங்கும். போதாததற்கு, உராய்வில் பிறந்த சூட்டை வெண்கலம்போல் வெளியே கடத்தவும் அதற்குத் தெரியாது. இடைவெளியைத் தாராளமாக விடு. தண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றாதே, அப்போது பிளாஸ்டிக் ஒட்டி இழுக்கும். சொரசொரப்பாக இருந்தாலோ அரம்போல் அராவிவிடும். சராசரிச் சொரசொரப்பு 0.2 முதல் 0.4 மைக்ரான் இருந்தால் நல்லது.

கிரீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நைலானுக்குப் பூட்டும்போது கொஞ்சம் தடவு, நல்லதுதான். டெஃப்ளான் கலந்த புஷ்ஷில் எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தால் படலம் உருவாகவே விடாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகம் சில எண்ணெய்கள் பட்டால் விரிசல் விடும். இ.பி.டி.எம். ரப்பர் சீல் பக்கத்தில் இருந்தால் மினரல் ஆயிலைக் கொண்டுபோகவே கூடாது, ஊதிப்போகும்.

தண்டின் விட்டம், புஷ்ஷின் நீளம், சுற்று வேகம், தாங்கும் பாரம் நான்கையும் எழுதி அனுப்பு. அழுத்தத்தை வேகத்தால் பெருக்கினால் வருகிற பி.வி. மதிப்பை வைத்து, நைலானே போதுமா, வேறு பொருள் வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்