1800ஆம் ஆண்டுத் திவால் சட்டம்: சட்ட வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் முதல் திவால் சட்டம் கடனாளிகளுக்கு ரொம்பவே இரங்கியது, மக்கள் பொறுக்காமல் 1803இல் ஒழித்தார்கள் என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதை. யாருக்கு இரங்கியது என்பதில்தான் அன்றைய கோபம் பெரும்பாலும் இருந்தது.

1800 ஏப்ரல் 4 அன்று அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட சட்டம் அது. பிரதிநிதிகள் சபையில் 49க்கு 48 என்று ஒரே வாக்கில் தப்பிப் பிழைத்தது. வணிகர், வங்கியர், தரகர் போன்றோருக்கு மட்டுமே பொருந்தும். நம் ஊரில் கடனாளியே மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம். அங்கே கடன் கொடுத்தவர்தான் மனுப்போட வேண்டும். தனியொருவர் போட்டால் அவருக்கு வரவேண்டிய பாக்கி 1,000 டாலராவது இருக்க வேண்டும். நீதிபதி நியமித்த ஆணையர்கள் சொத்தைக் கைப்பற்றுவார்கள். மிச்சக் கடன் தள்ளுபடியாக, கடன் கொடுத்தோரில் தலைக்கணக்கிலும் தொகையிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

ஓட்டை எங்கே? வேண்டப்பட்ட ஒருவரையே மனுப்போட வைத்துப் பெருங்கடனாளிகள் உள்ளே புகுந்தார்கள். நிலச் சூதாட்டத்தில் மூழ்கி, 1798 முதல் பிலடெல்பியா கடன் சிறையில் கிடந்த, அமெரிக்கப் புரட்சிக்கு நிதி திரட்டிய ராபர்ட் மோரிஸ் 1801இல் வெளியே வந்தது இச்சட்டத்தின் தயவால். சில்லறைப் பாக்கிக்குச் சிறையிலிருந்த கைத்தொழிலாளிக்கு அந்த வாசல் கிடையாது.

உழவர்களின் அச்சம் வேறு. சட்டம் அவர்களைத் தொடவில்லைதான். ஆனால் விவசாய நாட்டுக்கு இது எதற்கு என்று, பின்னாளில் அதிபரான ஜெபர்சன் 1792இலேயே கேட்டிருந்தார். நிலம் ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் தெற்கே ஆழமாக இருந்தது. போதாததற்கு, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தொலைவில். கடன் கொடுத்தவர் கைக்கு வந்த பங்கோ சொற்பம். ஐந்தாண்டுக்கென்று போட்ட சட்டம் 1803 டிசம்பர் 19இல் ரத்தானது.

1841 சட்டத்தையும் சேர்த்து நடத்துங்கள். அதில் வணிகரல்லாத கடனாளியும் தானே மனுப்போடலாம். கடன் கொடுத்தோரில் பெரும்பான்மையினர் எழுத்தில் மறுத்தால்தான் கடன் விடுவிப்புக்குத் தடை. இம்முறை கூக்குரல் கடன் கொடுத்தோரிடமிருந்து வந்தது. 1842 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் 1843 மார்ச்சில் போனது. இரு சட்டங்களின் மனு, விடுவிப்புப் பிரிவுகளையும் மாணவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பொதுமக்கள் கருத்தைப் பற்றிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சட்ட வரலாறு பயில்வோர் சிலர்